ஸ்பிரிண்ட்: சொல் விளக்கம்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நிலையம் நடத்துபவர்களின் வானொலிதான் ஹாம் வானொலி. குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு தொடர்பு கொள்கிறோம் என்பதே அதில் போட்டி. அந்தப் போட்டிகளின் நாட்காட்டியில் 'ஸ்பிரிண்ட்' என்ற பெயர் அடிக்கடி தட்டுப்படும். அரைமணி நேரத்தில் முடிவதற்கும் அந்தப் பெயர்தான், நான்கு மணி நேரம் நடப்பதற்கும் அதே பெயர்தான். 'நேரம் குறைந்த போட்டி' என்று மட்டும் புரிந்துகொண்டு களத்தில் இறங்குபவர், முதல் தொடர்பை முடித்த கையோடு அதே அதிர்வெண்ணில் உட்கார்ந்து மறுபடியும் சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) அனுப்புவார். பல ஸ்பிரிண்டுகளில் அது விதிமீறல்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்பிரிண்ட் ஆங்கிலத்துக்கு ஸ்காண்டிநேவிய மொழிகளின் பக்கமிருந்து வந்ததாகத்தான் சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. பழைய நார்ஸ் மொழியின் 'ஸ்ப்ரெத்தா' இதற்கு உறவு. துள்ளி எழுவது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் துள்ளுவது, பாய்வது என்ற பொருளே இருந்தது. குறைந்த தூரத்தை முழு வேகத்தில் ஓடுவது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. ஓட்டப்பந்தயத்திலிருந்து சைக்கிளுக்குப் போய், அங்கிருந்து மென்பொருள் அலுவலகத்தின் இரண்டு வார வேலைக்கும் பெயராகிவிட்டது. இப்படிப் பரவியதில் துள்ளல் போய் வேகம் மட்டும் மிஞ்சியது. ஹாம் வானொலியில் அந்தத் துள்ளல் திரும்பி வந்திருக்கிறது.

எப்படி என்று பார்க்க, வழக்கமான போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிக்யூ உலகளாவிய போட்டி 48 மணி நேரம் நடக்கும். உயரமான கோபுரமும் நல்ல ஆண்டெனாவும் உள்ளவர் ஒரு காலி இடத்தைப் பிடித்து, மணிக்கணக்கில் அங்கேயே சிக்யூ அனுப்பிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் வரிசையில் நின்று கூப்பிடுவார்கள். ஹாம்கள் இதை 'ரன்' என்பார்கள். அந்த வசதி இல்லாதவர் குமிழைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிண்ட் என்ற வடிவம் உடைப்பது இந்த 'ரன்'னைத்தான். ஒருவரும் ஓரிடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது.

இந்த வகைக்கு முன்மாதிரி, நேஷனல் கான்டெஸ்ட் ஜர்னல் என்ற அமெரிக்க இதழ் நடத்தும் வட அமெரிக்க ஸ்பிரிண்ட். அதன் மோர்ஸ் போட்டி உலகப் பொது நேரப்படி ஞாயிறு 00:00 மணிக்குத் தொடங்கி 04:00 மணிக்கு முடியும். அமெரிக்காவில் அது சனிக்கிழமை மாலை. இந்திய, இலங்கை நேரப்படி ஞாயிறு காலை 5:30 முதல் 9:30 வரை. 80, 40, 20 மீட்டர் பட்டைகள் (ஹாம்களுக்கான அதிர்வெண் தொகுதிகள்) மட்டும். பெரும்பாலோர் கூடுவது 3540, 7040, 14040 கிலோஹெர்ட்ஸ் ஆகியவற்றின் சுற்றுவட்டாரத்தில். வட அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரும் கலந்துகொள்ளலாம். ஆனால் அவர் வட அமெரிக்க நிலையங்களோடு பேசினால்தான் கணக்கு.

மற்ற விதிகளைவிட முக்கியமானது 'கியூஎஸ்ஒய்' விதி, அதாவது அதிர்வெண் மாற்ற விதி. சிக்யூ அனுப்பியோ வேறு எந்த வழியிலோ ஒரு நிலையம் அழைப்பு விடுத்தால், அதற்குப் பதிலாக வரும் ஒரே ஒரு நிலையத்தோடுதான் அங்கே தொடர்பு கொள்ளலாம். அது முடிந்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அடுத்து இன்னொருவரின் அழைப்புக்குப் பதில் சொல்லப் போவதானால் குறைந்தது 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போக வேண்டும். தானே மறுபடி சிக்யூ அனுப்புவதானால் குறைந்தது 5 கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வது புதியவர்களிடம் மிகச் சாதாரணம். ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிட்டு 'நகர்ந்துவிட்டோமே' என்று சிக்யூ அனுப்புவார்கள்; கூடாது. சிக்யூ அனுப்பி எவருமே பதில் தரவில்லை என்றால் அங்கேயே மறுபடி அனுப்பலாம். விதி கிளம்பச் சொல்வது ஒரு தொடர்பு கிடைத்த பிறகுதான்.

அப்படியானால் காலியான அந்த இடம் யாருக்கு? பதில் சொன்னவருக்கு. இங்கேதான் ஸ்பிரிண்டின் அழகு இருக்கிறது. அழைப்பு விடுத்தவர் கிளம்ப, பதில் தந்தவர் அந்த அதிர்வெண்ணின் வாரிசு ஆகிறார். அவர் அங்கே இன்னும் ஒரே ஒரு தொடர்பு கொள்ளலாம், பிறகு அவரும் கிளம்ப வேண்டும். ஆக, ஒழுங்காக ஓடுகிற ஸ்பிரிண்டில் ஒவ்வொருவரும் ஓரிடத்தில் இரண்டு தொடர்பு கொள்கிறார்கள்: ஒன்று வந்து சேர்வது, ஒன்று விட்டுப் போவது. தேர்ந்தவர்களின் பதிவேட்டைப் பார்த்தால் தொடர்புகள் இப்படி ஜோடி ஜோடியாகவே விழுந்திருக்கும்.

இந்தக் கைமாற்றம் குழப்பமில்லாமல் நடக்க, செய்தி அனுப்பும் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. பரிமாற வேண்டியவை இரண்டு நிலையங்களின் அடையாளமான அழைப்புக்குறிகள், இது எத்தனையாவது தொடர்பு என்று சொல்லும் தொடர் எண், பெயர், மாநிலம் அல்லது மாகாணம் அல்லது நாடு. '599' என்று சிக்னல் அறிக்கை தருவது கிடையாது. இரண்டு அழைப்புக்குறிகளையும் அனுப்பியே ஆக வேண்டும். தன்னுடையதை மட்டும் அனுப்பினால் பரிமாற்றம் செல்லாது. ஒஹையோவில் இருக்கும் ஜான் சிக்யூ அனுப்பி, டெக்சஸில் இருக்கும் மேரி பதில் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜான் அனுப்பும் வரிசை: மேரியின் குறி, தன் குறி, 37, ஜான், ஒஹையோ. மேரி அனுப்புவது: ஜானின் குறி, 41, மேரி, டெக்சஸ், கடைசியில் தன் குறி. ஜான் 'ஆர்' (கிடைத்தது) என்று ஒரு எழுத்து தட்டிவிட்டு மறைந்துவிடுவார்.

கிளம்பப் போகிறவர் தன் குறியை முன்னால் சொல்லிவிடுகிறார். தங்கப் போகிறவர் கடைசியில் வைக்கிறார். குமிழைத் திருப்பிக்கொண்டே வரும் மூன்றாமவர் பரிமாற்றத்தின் வால்பகுதியை மட்டும் கேட்டாலும், இந்த இடம் இனி மேரியுடையது என்று தெரிந்துகொண்டு உடனே கூப்பிடலாம். மேரி தன் குறியை முன்னால் சொல்லி 'டெக்சஸ்' என்று முடித்தால், கேட்டவருக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது. அங்கே நாலைந்து விநாடி வீணாகும். நான்கு மணி நேரத்தில் இப்படி நூறு தடவை நடந்தால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் கணினியில் செய்திப் பொத்தான்களை அமைக்கும்போதே இரண்டு தொகுதிகள் வைத்துக்கொள்ள வேண்டும்: தன் குறி முன்னால் வரும் தொகுதி, தன் குறி கடைசியில் வரும் தொகுதி. ஒவ்வொரு தொடர்புக்கும் இரண்டும் மாறி மாறித் தேவைப்படும். இதைப் போட்டி தொடங்கிய பிறகு சரிசெய்ய முயன்றால் முதல் அரைமணி காணாமல் போகும்.

கைமாற்றத்தில் இன்னொரு சிக்கல், ஜானின் சிக்னல் ஓங்கி ஒலித்து மேரியினுடையது மெலிதாக இருப்பது. தூரத்தில் இருப்பவருக்கு ஜான் மட்டும்தான் கேட்கும். அவர் கிளம்பிவிட்டது தெரியாமல் ஜானையே கூப்பிடுவார். மேரி இரண்டு மூன்று விநாடி காத்துப் பார்த்துவிட்டு, யாரும் தன்னை அழைக்கவில்லை என்றால் தயங்காமல் ஒரு குட்டி சிக்யூ அனுப்பலாம். வாரிசுக்கு அந்த உரிமை உண்டு. பலர் இதைச் செய்யாமல், கிடைத்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தேடலுக்குப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை குறைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் அநேகமாக இல்லை.

கருவி சார்ந்த தவறுகளில் முதலிடம், அனுப்பும் அதிர்வெண்ணைத் தொடாமல் கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும் ஆர்ஐடி குமிழுக்கு. சற்று விலகிக் கூப்பிட்டவரைத் தெளிவாகக் கேட்பதற்காக ஏற்பியை மட்டும் நகர்த்துவோம். தொடர்பு முடிந்ததும் அதைச் சுழிக்குக் கொண்டுவர மறந்துவிடுவோம். மற்ற போட்டிகளில் இடம் மாறாததால் பெரிய தொல்லை இல்லை. ஸ்பிரிண்டில் அடுத்தவரை அழைக்கும்போது நம் காதுக்குச் சரியாக இருக்கும், ஆனால் சிக்னல் வேறெங்கோ போய் விழும். குறுகிய வடிகட்டி வைத்திருப்பவருக்கு நாம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு தொடர்புக்குப் பிறகும் ஆர்ஐடியைத் துடைப்பது கைப்பழக்கம் ஆகிவிட வேண்டும். வடிகட்டியிலும் இதே கதை: 250 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கி வைத்துக்கொண்டு தேடினால், பக்கத்தில் இருக்கும் நிலையங்களைத் தாண்டிப் போய்விடுவோம். தேடும்போது 400, 500 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, நெரிசல் இருந்தால் மட்டும் இறுக்கலாம்.

அடுத்தது விஎஃப்ஓ, அதாவது பெட்டியின் அதிர்வெண்ணை அமைக்கும் பகுதி. இன்றைய டிரான்ஸீவர்கள் (அனுப்பவும் கேட்கவும் உதவும் பெட்டிகள்) பெரும்பாலானவற்றில் ஏ, பி என்று இரண்டு விஎஃப்ஓ இருக்கின்றன. ஏ-யில் பரிமாற்றம் நடக்கும்போது, அடுத்துப் போகவேண்டிய காலி இடத்தை பி-யில் தயாராக வைத்திருந்தால் ஒரு பொத்தானில் தாவிவிடலாம். இரண்டு ஏற்பி உள்ளவர் ஒரு காதில் இதையும் மறுகாதில் அதையும் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு வானொலிப் பெட்டிகளை ஒரே கணினியில் இணைத்து ஓட்டுபவர்கள் தொடர் எண்ணில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு பெட்டியில் 52 என்று அனுப்பி, அது முடிவதற்குள் மறுபெட்டியில் தொடர்பு முடிந்துவிட்டால், அனுப்பிய எண் ஒன்றும் பதிவான எண் வேறொன்றுமாக ஆகிவிட வாய்ப்புண்டு. பதிவேடுகளைக் குறுக்குச் சரிபார்க்கும்போது அந்தத் தொடர்பு அடிபடும்.

மதிப்பெண் முறை எளிது. செல்லுபடியான தொடர்புகளின் எண்ணிக்கையை, கிடைத்த மாநிலங்கள், கனடிய மாகாணங்கள், மற்ற வட அமெரிக்க நாடுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 200 தொடர்பும் 40 இடங்களும் என்றால் 8000. ஒரே நிலையத்தோடு பட்டைக்கு ஒருமுறை வீதம் மூன்று முறை பேசலாம். ஆனால் பெருக்கியாக ஒரு மாநிலம் ஒரே தடவைதான் எண்ணப்படும். அதனால் ஏற்கெனவே கிடைத்த மாநிலத்தைத் தேடி 80 மீட்டருக்கு ஓடத் தேவையில்லை. பட்டை மாற்றத்தை முடிவுசெய்வது வேறொன்று: அமெரிக்காவில் இருட்ட இருட்ட 20 மீட்டர் அடங்கி, கூட்டம் 40-க்கும் பிறகு 80-க்கும் இறங்கும். 20 மீட்டரில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்களே என்று தங்கிவிடுபவர், 40 மீட்டரில் எல்லாரும் புதியவராகக் கிடைக்கும் பொழுதைத் தவறவிடுவார்.

கியூஎஸ்ஒய் விதி பெரிய நிலையத்தையும் சின்ன நிலையத்தையும் சமமாக்கிவிடும் என்று சொல்வதுண்டு. பாதி உண்மை. கோபுரத்தின் பலம் குறைகிறது. அந்த இடத்தில் கைப்பழக்கத்தின் பலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழகுவதற்கென்றே வட கலிபோர்னியா கான்டெஸ்ட் கிளப் வாரந்தோறும் அரைமணி நேர ஸ்பிரிண்ட் ஒன்றை 100 வாட் வரம்போடு நடத்துகிறது. அதிலும் இந்த இடமாற்ற விதி உண்டு.

எல்லா ஸ்பிரிண்டுக்கும் இது பொருந்தாது என்பதுதான் சொல்லில் உள்ள வம்பு. ஸ்ட்ரெய்ட் கீ செஞ்சுரி கிளப் மாதந்தோறும் நடத்தும் இரண்டு மணி நேர வார நாள் ஸ்பிரிண்ட், பெயரில் மட்டும் ஸ்பிரிண்ட். அங்கே ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சிக்யூ அனுப்பலாம். 5 வாட்டும் அதற்குக் கீழும் இயக்குபவர்களின் ஸ்பிரிண்டுகள் பலவும் அப்படியே. ஆகையால் விதித்தாளில் கியூஎஸ்ஒய் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி தமிழ்ச் சொல். ஓட்டப்பந்தயத்துக்கு விரைவோட்டம், குறுந்தூர ஓட்டம் என்ற சொற்கள் இருக்கின்றன. அங்கே அவை பொருத்தம். அதே தடத்தில் 'விரைவுப் போட்டி' என்று வைத்தால் ஒரு இடர் உண்டு. மோர்ஸை யார் அதிவேகமாக வாங்கி அனுப்புவது என்று நடக்கும் உயர்வேகத் தந்திப் போட்டி தனியாக இருக்கிறது. விரைவுப் போட்டி என்றால் அதுதான் நினைவுக்கு வரும். இரண்டு வகைக்கும் இரண்டு சொல் இருப்பதே தெளிவு. நேரம் மட்டும் குறைந்தவற்றைக் 'குறும்போட்டி' எனலாம். இடமாற்ற விதி உள்ளவற்றுக்குத் 'தாவுபோட்டி'. வினைத்தொகை என்பதால் இடையில் 'ப்' மிகாது. 'தாவுப்போட்டி' என்று எழுதக்கூடாது. அதிர்வெண் விட்டு அதிர்வெண் தாவுவதைச் சொல் நேரடியாகக் காட்டிவிடுகிறது, மூலச் சொல்லின் பழைய பொருளோடும் ஒத்துப்போகிறது. கட்சித் தாவல் ஞாபகத்துக்கு வந்தால் அதற்கும் தடையில்லை. இங்கே தாவாதவர்தான் குற்றவாளி.

கியூஎஸ்ஒய் என்பதற்கு 'அதிர்வெண் மாற்றம்' போதும். 1912ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பட்டியலில் அந்தக் குறியீடு 'இத்தனை மீட்டர் அலைநீளத்தில் அனுப்பட்டுமா?' என்ற கேள்வியாக இருந்தது. இப்போது 'வேறு அதிர்வெண்ணுக்கு மாறுங்கள்' என்ற அளவில் வழங்குகிறது. பேச்சில் எல்லாரும் 'கியூஎஸ்ஒய் ஆகிறேன்' என்றுதான் சொல்வார்கள், அதை மாற்ற முயல வேண்டியதில்லை. விதிகளைத் தமிழில் எழுதும்போது 'அலைவரிசையை மாற்றுக' என்று எழுதுவதுதான் ஆபத்து. தொலைக்காட்சிச் சேனலையும் அலைவரிசை என்கிறோம், பட்டையையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். 14040-இலிருந்து 14045-க்குப் போகச் சொன்னால், படிப்பவர் 20 மீட்டரை விட்டு 40 மீட்டருக்குப் போய்விடக்கூடும். மாற்ற வேண்டியது அதிர்வெண்ணையா பட்டையையா என்று பிரித்தே எழுத வேண்டும். இலங்கையில் படித்தவர்களுக்கு அதிர்வெண் என்பதைவிட 'மீடிறன்' பழக்கமான சொல். இரு கரைக்கும் பொதுவாக எழுதும் விதித்தாளில் முதல் இடத்தில் இரண்டையும் போட்டுவிடலாம்.