படபடப்புக்கு என்ன பெயர்?

நாற்பது வயதுள்ள ஓர் அம்மா, கையில் தடிமனான ஃபைலோடு வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நெஞ்சு படபடப்பு. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. கோளாறு எதுவும் இல்லை. அதன் பிறகுதான் மனநல மருத்துவரான என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"பயமா, கோபமா, என்ன தோணுது?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். நெஞ்சு மட்டும்தான்."

மறைக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. உணர்ச்சி என்றால் என்ன என்று அறிஞர்களுக்கே இன்னும் ஒத்துவரவில்லை. 1981-ல் க்ளைன்ஜின்னா என்ற பெயருள்ள இருவர் தேடித் தொகுத்தபோது 92 வரையறைகள் தேறின!

உடல் மாற்றம்தான் முதலில், அதை உணர்வதே உணர்ச்சி என்றார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1884-ல். கரடியைக் கண்டு நடுங்குகிறோம், நடுங்குவதால்தான் பயப்படுகிறோம் என்பது அவர் கட்சி. உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1927-ல் மறுத்தார்: பயத்திலும் கோபத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது, காய்ச்சலில்கூட. அப்படியிருக்க, துடிப்பை மட்டும் வைத்து எது எதுவென்று எப்படிப் பிரிப்பது? 1962-ல் ஷாக்டர், சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு வைட்டமின் என்று சொல்லி, படபடப்பை உண்டாக்கும் அட்ரினலின் ஊசி போட்டார்கள். படபடப்பு ஏன் வந்தது என்று தெரியாதவர்கள், பக்கத்தில் இருந்தவரின் மனநிலையைப் பார்த்து அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் முடிவு. பின்னாளில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என் அறையில் தினமும் உதவுகிறது: உடல் சொல்வதற்கு நாம் என்ன காரணம் கற்பிக்கிறோம்?

நம் பேச்சே உடம்பில்தான் இருக்கிறது. வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, ரத்தம் கொதிக்கிறது. தொல்காப்பியம் எட்டு உணர்ச்சிகளுக்கு வைத்த பொதுப்பெயரே மெய்ப்பாடு, மெய்யில் தோன்றுவது. அதனால் "எல்லாம் உங்க மனப்பிரமை" என்று யாரையும் திருப்பி அனுப்புவது எனக்கு எரிச்சலூட்டும். படபடப்பு நிஜம். நெஞ்சு வலி என்றால் முதலில் இதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை.

சரி, அந்த அம்மாவிடம் ஒரு நோட்டு போடச் சொன்னேன். எப்போது, எங்கே, யார் கூட இருந்தார்கள், உடம்பு என்ன செய்தது. உணர்ச்சியின் பெயர் எழுத வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். பெரும்பாலான குறிப்புகள் ஞாயிறு மாலை. பாகப்பிரிவினை பேசக் கொழுந்தனார் வரும் நேரம். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

"பயம் இல்லீங்க டாக்டர். ஆத்திரம்னு நினைக்கிறேன்."