மலையைத் தொடும் மேகத்திற்கு என்ன பெயர்?

மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு நீலகிரிச் சரிவில் படிந்த மேகமாகத் தெரிவது, அதே நேரத்தில் குன்னூர்ச் சாலையில் முகப்பு விளக்கை எரியவிட்டு வண்டி ஓட்டுபவருக்கு மூடுபனியாக இருக்கிறது. பொருள் ஒன்றுதான், பார்ப்பவர் நிற்கும் இடம்தான் வேறு.

வடகிழக்குப் பருவத்தில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 பாகை செல்சியஸ் வீதம் குளிர்கிறது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. உயரத்தோடு பனிநிலையும் மெதுவாகக் குறைவதால், காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையிலான ஒவ்வொரு பாகை இடைவெளியும் சுமார் 125 மீட்டர் ஏற்றத்தில் மறைகிறது. சுமார் 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் வெப்பநிலை 30 பாகை, பனிநிலை 20 பாகை என்று வைத்துக்கொண்டால், 1,575 மீட்டரில் மேகத்தின் அடித்தளம் அமையும். சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூர் அப்போது மேகத்துக்குள் இருக்கிறது. ‘மூடுபனி இறங்குகிறது’ என்று நாம் சொன்னாலும், பெரும்பாலும் அது கீழிருந்து ஏறி வந்ததே.

நீராவி தூசு, உப்பு, புகைத் துகள்களைப் பற்றிக்கொண்டே துளியாகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவேயுள்ள அத்துளிகள் மிக மெதுவாக விழுவதால், சரிவில் ஏறும் காற்றே அவற்றைத் தாங்கிவிடுகிறது. சோலைக்காட்டின் இலைகளிலும் பாசியிலும் மோதும் துளிகள் ஒன்றுசேர்ந்து, மழையே பெய்யாத நாளிலும் மரத்தடியை நனைக்கின்றன.

சமவெளியின் மார்கழிப் பனி வேறு வகை: இரவில் நிலம் தன் வெப்பத்தை வெளியிட்டுக் குளிர, அதை ஒட்டிய காற்றும் இருந்த இடத்திலேயே குளிர்கிறது. ‘பனி’ என்னும் சொல்லும் ஈரத்தையும் குளிரையும் ஒட்டியே வளர்ந்திருக்கிறது. அதன் இனச்சொல்லான கன்னட ‘ஹனி’ துளியைக் குறிக்கிறது, மலையாளத்திலோ ‘பனி’ என்றால் காய்ச்சல். ‘மஞ்சு’ இன்னும் சுவையானது. தமிழ் அகராதிகள் அதற்கு மேகம், பனி என்னும் இரு பொருளையும் தருகின்றன. கன்னடத்தில் ‘மஞ்சு’, மலையாளத்தில் ‘மஞ்ஞ்’, தெலுங்கில் ‘மஞ்சு’ என அது பரவியிருக்கிறது. குன்னூருக்கு ஈரம் கொண்டுவரும் கீழைக்காற்றுக்கும் மழைமேகத்துக்கும் ‘கொண்டல்’ என்பது பொதுப்பெயர்.

வடமொழி வழி வந்த ‘மேகம்’ என்பதும், மலைவாசத்தலங்களில் இன்று சரளமாகப் புழங்கும் ஆங்கில ‘மிஸ்ட்’ என்பதும்கூட ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. வானிலையாளர்கள் மட்டும், பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி, அவ்வளவு குறையாவிட்டால் ‘மிஸ்ட்’ என்று வரையறுக்கிறார்கள். ஓட்டுநருக்கும் விமானிக்கும் தேவையான எல்லை அது. அந்தத் துளிகள் சரிவில் ஏறிப் பிறந்தனவா, தரையில் குளிர்ந்து பிறந்தனவா என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.