மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை: லினக்ஸில் வழுவைத் துரத்திப் பிடிப்பது எப்படி?

மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் போகிறோம். திரும்ப வந்து திறந்தால் திரை கறுப்பாகவே கிடக்கிறது. விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் நம்மில் பலர் செய்வது. நானும் இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்தால், என்ன நடந்தது என்பதில் பாதியைக் கணினியே சொல்லிவிடும்.

லினக்ஸ் டெஸ்க்டாப் ஒரே நிரல் அல்ல. அடியில் வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னல், அதன் மேல் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி, அதற்கும் மேல் சாளரங்களைத் திரையில் வரையும் கம்பாசிட்டர், கடைசியில் நாம் பயன்படுத்தும் செயலிகள். ஒவ்வொன்றையும் எழுதுவது வேறு வேறு குழு. அதனால் 'லினக்ஸ் தொங்கிவிட்டது' என்று சொன்னால் அதை யாரும் தன் புகாராக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த அடுக்கில் கோளாறு என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு நான் நம்பும் வழி, சந்தேகத்தைப் பாதியாக வெட்டும் கேள்விகளைக் கேட்பதுதான்.

கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. எரியவில்லை என்றால் கெர்னல் செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. டெஸ்க்டாப்பில் அந்த விளக்கை மாற்றச் சொல்வது பெரும்பாலும் கம்பாசிட்டர்தான். அது தொங்கினாலும் விளக்கு எரியாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போகும் வழிக்கும் இதே சிக்கல் உண்டு. இவற்றைவிட நம்பகமானது, வலையமைப்பு வழியாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையை முன்பே போட்டு வைத்திருந்து வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து பார்ப்பது. நுழைய முடிந்தால் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது, திரைப் பக்கம்தான் படுத்துவிட்டது.

என் கணினியில் நுழைய முடியவில்லை. சரி, அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அடுத்து, நடப்பதையெல்லாம் கணினி எழுதி வைக்கும் பதிவேடு. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையோடு 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்தால், இப்போதைய ஓட்டத்தை விட்டுவிட்டு இதற்கு முந்தைய ஓட்டத்தின் பதிவைக் காட்டும். நேராக அதன் கடைசி வரிக்குப் போனேன். 'பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி' என்று இருந்தது. கணினி தூங்கப் போகும்போது கெர்னல் எழுதும் வரி அது. நல்லபடியாக விழித்திருந்தால் பின்னால் 'சஸ்பெண்ட் எக்சிட்' வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூங்கும்போது விழுந்ததா, எழும்போது விழுந்ததா என்பதை மட்டும் இது சொல்லாது. தூக்கத்துக்குமுன் எல்லா நிரல்களையும் கெர்னல் உறையவைத்துவிடும். பதிவை வட்டில் எழுதும் நிரலும் அதில் சேர்த்தி, அதனால் அதன்பின் நடந்தது வட்டில் ஏறியிருக்காது.

அப்புறம் பழைய கெர்னல். பல டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) முந்தைய கெர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அதைத் தேர்ந்து துவக்கினேன். மூடினேன், திறந்தேன், திரை வந்தது. நான்கு முறை செய்து பார்த்தும் வந்தது. தேடலில் இதுதான் பெரிய திருப்பம், ஏனென்றால் முன்பு வேலை செய்தது புதுப்பித்தபின் கெட்டால் கெர்னல் குழுவில் அதை 'ரிக்ரஷன்' என்பார்கள். அதற்குத் தனி மதிப்பு உண்டு, அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராகக் கடைப்பிடிக்கும் விதி.

ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் நுழைகின்றன. அதில் குற்றவாளி எது? டோர்வால்ட்ஸ் 2005-இல் கெர்னலுக்காகவே எழுதிய, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் 'பைசெக்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. நல்ல பதிப்பு எது, கெட்டது எது என்று சொன்னால் நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். அதைத் தொகுத்து (மூல நிரலை ஓடக்கூடிய கெர்னலாக மாற்றி), துவக்கி, மூடித் திறந்து பார்த்து, நல்லதா கெட்டதா என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பாதி கழிந்துவிடும். 2-ஐ 14 முறை பெருக்கினால் 16,384. ஆகவே பத்தாயிரத்தையும் 14 சோதனைக்குள் ஒன்றாகக் குறைத்துவிடலாம். ஒவ்வொரு தொகுப்புக்கும் நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இதற்கு சி மொழி தெரிய வேண்டியதே இல்லை, பொறுமை இருந்தால் போதும்.

செயலி ஒன்று திடீரென்று மறைந்துபோவது வேறு வகை. தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியை நிரல் தொட்டால், கணினியின் சிபியு தடுத்துக் கெர்னலிடம் சொல்லும். கெர்னல் அந்த நிரலுக்கு 11-ஆம் எண் சிக்னலை அனுப்பும். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்பது இதுதான். அந்தக் கணத்தில் நிரலின் நினைவகத்தில் இருந்தது 'கோர் டம்ப்' என்ற கோப்பாகச் சேமிக்கப்படலாம். அதை வழு தேட உதவும் ஜிடிபி கருவியில் திறந்தால் எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எதை அழைத்து எங்கே விழுந்தது என்ற வரிசை கிடைக்கும். முகவரிகளைச் செயற்கூறுகளின் பெயர்களோடு இணைக்கும் டீபக் குறியீடுகள் அந்த நிரலுக்கு இல்லாவிட்டால் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும். முதலில் அவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: கோர் டம்பில் உங்கள் கடவுச்சொல்கூட இருக்கலாம். கோப்பைப் பொதுவில் ஏற்றாமல் அந்த வரிசையை மட்டும், அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அனுப்புங்கள்.

அறிக்கை எழுதுவது இதற்குப் பிறகுதான். என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, பதிப்பு எண்கள் என்ன, பத்து முறை செய்தால் எத்தனை முறை வருகிறது. இவ்வளவும் இருந்தால் படிப்பவர் தன் கணினியிலேயே அதை வரவழைத்துப் பார்க்க முயலலாம். 'டிரைவர் கோளாறு என்று நினைக்கிறேன்' போன்ற ஊகத்தை எழுதலாம், தவறில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததோடு அதைக் கலக்காமல் கடைசியில் தனியாக எழுதுங்கள். பிழைச் செய்தியை உங்கள் சொற்களில் சுருக்காமல் அப்படியே ஒட்டுங்கள். தேடி வரும் இன்னொருவருக்கு அந்த எழுத்துகள்தான் துப்பு.

அனுப்பியபின் அந்தக் கணினியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். என் அறிக்கைக்கு முதலில் வந்தது ஒரு சிறு திருத்தம், 'இதைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்' என்ற வேண்டுகோளோடு. போட்டேன். மூடினேன், திறந்தேன், திரை வந்தது. இப்படிக் கெர்னலுக்குள் போகும் திருத்தங்களின் அடியில் 'ரிப்போர்ட்டட் பை' என்று ஒரு வரி சேர்ப்பது அங்கே வழக்கம். வழுவைக் கண்டு சொன்னவரின் பெயர் அதில் இருக்கும்.