வில்லெஃகு: ஸ்பிரிங் ஸ்டீலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஸ்பிரிங் ஸ்டீல் என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் சில சமயம் 'வசந்த எஃகு' என்று வந்து விழும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதே சொல் விலைப்பட்டியல்களில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. ரயில் பெட்டியின் எடையை அடியிலிருந்து தாங்குகிற பொருளுக்கும் இளவேனிலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆங்கிலத்தில் ஸ்பிரிங் என்பதன் வேர் துள்ளு, பீறிட்டு எழு என்னும் பொருள் தரும் பழைய வினைச்சொல். நிலத்திலிருந்து நீர் எழுந்தால் ஊற்று, செடியிலிருந்து தளிர் எழுந்தால் வசந்தம், அமுக்கிய கம்பி எழுந்தால் நம்முடைய ஸ்பிரிங். மூன்றுக்கும் அவர்களுக்கு ஒரே சொல், அதுதான் செயலியைக் குழப்புகிறது. ஜெர்மன்காரர்கள் இதே பொருளை இறகு என்கிறார்கள். இந்தியில் கமானி. பாரசீகத்தில் கமான் என்றால் வில், அதிலிருந்து வந்தது. நம்மூர் லாரிப் பட்டறையில் 'கமான் பட்டை' என்கிறார்களே, அதுவும் அதே கமான்தான்.

சரி, தமிழில்? புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை, வில் வண்டி என்று நாம் எப்போதோ சொல்லியாகிவிட்டது. அச்சுக்கு மேலே வில்லைப் போல வளைந்த பட்டைகளை வைத்துக் குலுக்கலைக் குறைத்த மாட்டு வண்டி அது. மலையாளத்திலும் இதே சொல்தான். 1893இல் அய்யன்காளி தடையை மீறித் திருவிதாங்கூர்ப் பொதுச்சாலையில் ஓட்டிப்போனது ஒரு வில்லுவண்டி. ஆக, வில் என்பதற்கு ஸ்பிரிங் என்ற பொருள் நூற்றாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. கம்பியைச் சுற்றிச் செய்ததைப் பள்ளிப் பாடநூல் சுருள்வில் என்கிறது, சுருள்வில் தராசு படித்திருப்பீர்கள். பட்டைகளை அடுக்கிக் கட்டியதைப் பட்டைவில் எனலாம்.

அடுத்து ஸ்டீல். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள். உருக்கு என்பது உருக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. அந்த உக்குதான் ஆங்கிலேயர் வாயில் 'வூட்ஸ்' ஆகி 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை வரை போனது என்பது பரவலான விளக்கம். எஃகு என்பதற்குப் பழைய பொருள் கூர்மை, கூரிய படைக்கலம். 'செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரிய தில்' என்று குறள் சொல்லும்போது ஆயுதத்தைத்தான் சொல்கிறது. இன்று சேலத்தில் இருப்பது உருக்காலை, அதிலிருந்து வெளியே வருவது எஃகு, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் குழம்புவதில்லை. என் ஓட்டு வில்லெஃகுக்கு. வில் + எஃகு, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கும், அவ்வளவுதான்.

ரயிலுக்கான வில்லெஃகை வாங்குபவர் கேட்கும் இந்தியத் தர எண்கள் (ஐஎஸ்) இரண்டு. சுருள்வில்லுக்கும், பட்டையைக் கூம்பாகச் சுருட்டிச் செய்யும் வாலியூட் வில்லுக்கும் ஐஎஸ் 3195. பட்டைவில்லுக்கு ஐஎஸ் 3885. எஃகின் வகைப் பெயர் பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு 55எஸ்ஐ7: முதலில் வரும் 55 என்றால் கார்பன் சுமார் 0.55 சதவீதம், எஸ்ஐ என்றால் சிலிக்கான், கடைசி 7ஐ நான்கால் வகுத்தால் 1.75, அதுதான் சிலிக்கானின் சதவீதம். சேர்மானம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. காய்ச்சும்போது மேற்தோலில் கார்பன் எரிந்துபோனால் அந்த இடம் மென்மையாகி, லட்சக்கணக்கான தடவை அமுங்கி எழும்போது விரிசல் அங்கேயே தொடங்கும்.

இங்கேதான் சர்டிபிகேட் என்ற ஒற்றைச் சொல் பலரையும் ஏமாற்றுகிறது. ஆலை தானே சோதித்து, எந்த உலை வார்ப்பில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரைப் போட்டுக் கொடுக்கும் டி.சி. (டெஸ்ட் சர்டிபிகேட்) ஒன்று, அது சோதனைச் சான்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) ஆலையைப் பார்த்து, மாதிரியைச் சோதித்து, ஐஎஸ்ஐ குறியைப் போட்டுக்கொள்ள உரிமம் தருவது வேறு. அது தரச் சான்றளிப்பு. குறியின் மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும், அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். முதலாவதைக் காட்டி இரண்டாவது இருப்பதுபோலப் பேசும் வியாபாரிகள் உண்டு, தமிழில் இரண்டு சொல்லாகப் பிரித்துவிட்டால் அந்த வித்தை கொஞ்சம் கஷ்டம். இன்னொன்று, எஃகுக்கு முத்திரை இருந்தால் வில்லுக்கும் இருப்பதாக அர்த்தம் இல்லை. ரயில்வேக்கான வில்லின் விவரக்குறிப்பை எழுதுவது லக்னோவில் உள்ள ஆர்டிஎஸ்ஓ என்னும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு, அது தனிக்கதை.

சான்று என்பது நல்ல சொல்தான். சால் என்றால் நிறைதல், தகுதியாதல்; சான்றோர், சான்றாண்மை எல்லாம் அந்தக் குடும்பம். சாட்சி வடமொழியிலிருந்து வந்தது, கண்ணால் கண்டவர் என்பது அதன் வேர்ப்பொருள். சான்றிதழ் என்றால் தாள் மட்டும், அந்த வேலையைச் சொல்லச் சான்றளிப்பு.

ஆகவே எழுதும்போது 'ஐஎஸ் 3195 தரச் சான்று பெற்ற வில்லெஃகு' என்று எழுதலாம். பட்டறையில் கேட்கும்போது ஸ்பிரிங் ஸ்டீல் என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள்.