நாலு மணிக் கூட்டாளிகள்

விடிகாலை நாலே கால். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. பால்காரர் வர ஒன்றரை மணி நேரம் கிடக்கிறது. அடுப்படியில் சத்தம் எழாமல் கடுங்காப்பிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் கொலுசு சிணுங்குகிறது. திரும்பிப் பார்த்தால், முடியெல்லாம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்றரை வயசுப் பேத்தி நிற்கிறாள்.

"தாத்தா, விடிஞ்சிடுச்சா?"

இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்ப் படுக்கிற ஆள் இல்லை. நேராக இடது பக்கத்து அலமாரிக்குப் போய்க் கீழ்த்தட்டைத் திறக்கிறாள். பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, மகள் குடும்பம் பெங்களூரிலிருந்து தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வருகிற நாட்களில் இதுதான் வழக்கம். மகளும் மருமகனும் எட்டு மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை. "தாத்தாவும் பேத்தியும் கூட்டணி போட்டு எங்க தூக்கத்தைக் கெடுக்கிறீங்க" என்று மகள் அலுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கூட்டணி நாங்கள் போட்டதில்லை, உடம்பு போட்டுக் கொடுத்தது என்று அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு கண் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் குறுக்கே கடக்கின்றன. அதற்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு நரம்பணுக் கொத்து இருக்கிறது. மொத்தம் சுமார் 20,000 நரம்பணுக்கள்தான். உடம்பின் தலைமைக் கடிகாரம் அது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடம்பு சூடு இறங்க வேண்டும், எப்போது மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்க வேண்டும் என்று நேரம் சொல்வது அதுதான். அதன் சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல, கொஞ்சம் கூடுதல். அப்படியே விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டே போகும். பழைய சாவிக் கடிகாரத்தை ரேடியோ மணி கேட்டுத் திருத்தி வைப்போமே, அதுபோல இதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் முள்ளை முன்னால் தள்ளும். இரவு வெளிச்சம் பின்னால் இழுக்கும்.

இந்தக் கடிகாரம் ஆயுள் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. மியூனிக்கைச் சேர்ந்த டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல், சுமார் 25,000 பேரின் தூங்கும், விழிக்கும் நேரங்களை வயசுவாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் எழுகிறார்கள். பதின்வயசு தொடங்கியதும் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது. இருபது வயசை ஒட்டி அது உச்சத்துக்குப் போய், அப்புறம் திரும்பி வருகிறது. வயசு ஏற ஏற மறுபடியும் சீக்கிரம் எழுகிற ஆளாகிறோம். கோடாக வரைந்தால் ஒரு மலை மாதிரி இருக்கும். மலையின் இந்த அடிவாரத்தில் பேத்தி, அந்த அடிவாரத்தில் நான். மகளும் மருமகனும் சரிவில் எங்கோ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கிறார்கள். கல்லூரி மாணவனைக் காலை ஏழு மணிக்கு எழுப்பி "சோம்பேறி" என்று திட்டுகிற அப்பாக்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்க்கலாம். நானும் திட்டியவன்தான்.

பிறந்த குழந்தைக்கு இரவு, பகல் கிடையாது. கருவில் இருக்கும்வரை அம்மாவின் மெலடோனின்தான் அதற்கும் நேரம் சொல்கிறது. வெளியே வந்தபின் சொந்தமாக மெலடோனின் சுரந்து ஒழுங்குக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் தாய்ப்பால் கொஞ்சம் கைகொடுக்கிறது. இரவில் சுரக்கும் பாலில் மெலடோனின் உண்டு, பகல் பாலில் அநேகமாக இல்லை.

என் தரப்பில் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. கடிகாரம் முன்னால் ஓடுகிறது, அது ஒன்று. வயசாக ஆக ஆழ்ந்த தூக்கம் மெலிந்துபோகிறது, அது இரண்டு. இளம் வயசில் இடி இடித்தாலும் எழாதவன் இப்போது பக்கத்து வீட்டுச் சேவலுக்கு முன்னால் எழுகிறேன். (மூன்றாவதாக மூத்திரப் பையும் இருக்கிறது. அதை இங்கே விரிக்க வேண்டாம்.)

கண்ணிலும் ஒரு வித்தியாசம் உண்டு. குழந்தையின் கண் வில்லை கண்ணாடித் துண்டு மாதிரி தெளிவாக இருக்கும்; நடுவில் இருக்கிற கண் பாப்பாவும் நன்றாக விரியும். அதனால் வெளிச்சம் தாராளமாக உள்ளே போகும். அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயசுப் பிள்ளைகளைத் தூங்கும் நேரத்துக்கு முன்னால் பிரகாசமான விளக்கொளியில் ஒரு மணி நேரம் விளையாட விட்டபோது மெலடோனின் கிட்டத்தட்ட 90 சதவீதம் அடங்கிப்போயிற்று. என் வயசில் வில்லை மஞ்சளித்துவிடும். கடிகாரத்தை நன்றாகத் திருத்துவது நீல வெளிச்சம். மஞ்சள் வில்லை தடுப்பதும் அதைத்தான். போன வருஷம் வலது கண்ணில் புரை அறுவை செய்துகொண்டேன். கட்டுப் பிரித்த அன்று, இடது கண்ணால் பார்த்தால் பழுப்பாகத் தெரிந்த வேட்டி வலது கண்ணுக்கு நீலம் போட்டதுபோல வெள்ளையாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக டீத்தண்ணீர் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி, கிழவன் சீக்கிரம் எழுவது வெறும் தேய்மானமா, இல்லை அதில் ஏதாவது உபயோகம் உண்டா?

தான்சானியாவில் எயாசி ஏரிக்கரைப் பக்கம் ஹட்சா என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு, தேன், பழம் சேகரித்தும் வாழ்கிறார்கள். இருபது, முப்பது பேர் கொண்ட முகாம், புல் குடிசை, தரையில் படுக்கை. டேவிட் சாம்சன் என்ற மானுடவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே 33 பேரின் மணிக்கட்டில், அசைவைப் பதிவு செய்கிற கருவியைக் கட்டிவிட்டு 20 நாள் கவனித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பதிவான 220 மணி நேரத்துக்கும் மேலான காலத்தில், 33 பேரும் ஒரே நேரத்தில் உறங்கியது மொத்தமாக 18 நிமிஷம்தான். சராசரியாக எந்த நேரத்தில் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் விழித்திருந்தார்கள், அல்லது லேசாகக் கண் அயர்ந்திருந்தார்கள். காவலுக்கு ஆள் போடவில்லை, முறை வைக்கவில்லை. இளசுகள் நள்ளிரவு தாண்டி முழித்திருக்கிறார்கள். பெரியவர்கள் விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். வயசு வித்தியாசமே காவல் முறையாகிவிடுகிறது. சிங்கமும் கழுதைப்புலியும் உலவுகிற இடத்தில் இது சின்ன லாபம் அல்ல.

ஒரே சமூகம், 33 பேர் என்பதால் இதை வைத்து மனித குலம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கும்போது "காவல் பார்க்கிறேன்" என்று நினைத்துக்கொள்வது நன்றாக இருக்கிறது. தூக்கம் வரவில்லையே என்று புலம்புவதைவிட நன்றாக இருக்கிறது.

இதே ஹட்சா முகாம்களில் 1980களிலேயே வேறொரு விஷயம் கண்ணில் பட்டிருந்தது. கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளரும் இரண்டு கூட்டாளிகளும், யார் எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பாறை போன்ற மண்ணைக் குச்சியால் குத்திக் கிழங்கு எடுப்பது கைவலுவும் பொறுமையும் கேட்கிற வேலை. அதில் அதிக நேரம் நின்றவர்கள் பிள்ளை பெறும் வயசைத் தாண்டிய கிழவிகள். வீட்டில் கைக்குழந்தை வந்ததும் தாயின் உழைப்பு குறைகிறது. அப்போது மூத்த பிள்ளையின் எடை ஏறுவது, பாட்டி எவ்வளவு தோண்டுகிறாள் என்பதைப் பொறுத்து இருந்தது. பால் மறந்த பிள்ளைக்குப் பாட்டி சோறு போட்டால் தாய் அடுத்த பிள்ளைக்குத் தயாராகலாம். மாதவிடாய் நின்றபிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். பாட்டிக் கருதுகோள் என்று அதற்குப் பெயர். சிம்பன்சிக் காடுகளில் பிள்ளைப்பேறு ஓய்ந்தபின் நெடுங்காலம் வாழும் பாட்டியைக் காண்பது அரிது. ஆனால் கடலில் உண்டு: பேரப்பிள்ளைகளுக்கு மீன் பங்கு வைக்கிற கொலைகாரத் திமிங்கலப் பாட்டிகள்.

பின்லாந்திலும் கனடாவிலும் 18, 19ஆம் நூற்றாண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை வைத்து 2004இல் இன்னொரு கணக்கு வந்தது. ஐம்பதுக்குமேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் சராசரியாக இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதல். இதைப் படித்துவிட்டு, தாத்தாக்களுக்கு என்ன மதிப்பெண் என்று ஆவலாகத் தேடினேன். பின்லாந்துப் பதிவேடுகளிலேயே மூன்று வருஷம் கழித்து ஆண்களுக்கும் பார்த்தார்கள். தாத்தா உயிரோடு இருப்பதால் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையில் ஒரு லாபமும் தெரியவில்லையாம். வீட்டில் இதை வாய்விட்டுப் படித்தது தப்பு. "இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணணுமா?" என்று என் மனைவி கேட்டாள். ஆகவே தாத்தா தரப்பு வாதம் இப்போதைக்கு அந்தக் காவல் வேலையை நம்பித்தான் நிற்கிறது.

பாட்டியின் மூளைக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் 50 பாட்டிகளை மூளை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து அவர்களுடைய பேரப்பிள்ளையின் படத்தையும், அந்தப் பிள்ளையைப் பெற்ற தங்கள் சொந்த மகன் அல்லது மகளின் படத்தையும் காட்டினார். 2021இல் வந்தது அந்த ஆய்வு. பேரப்பிள்ளையைக் கண்டதும், அடுத்தவர் உணர்வதைத் தானும் கூடவே உணர்கிற பகுதிகள் கிளர்ந்தன. சொந்தப் பிள்ளையைக் கண்டபோது, அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று யோசித்துப் புரிந்துகொள்கிற பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. என் மனைவியை ஒரு நாள் பார்த்தாலே போதும், ஸ்கேன் வேண்டாம். பேத்தி விழுந்தால் "ஐயோ" என்று இவளுக்கு வலிக்கும். மகள் சோர்ந்து உட்கார்ந்தால், "இவ ஏன் இப்படி இருக்கா, என்ன நடந்துச்சு" என்று கணக்குப் போடுவாள்.

இவ்வளவு ஒட்டுதலும் முதல் நாளே வந்துவிடவில்லை. ஒன்பது மாதக் குழந்தையாக முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்தபோது, என் மீசையைப் பார்த்துவிட்டு அவள் வைத்த கூப்பாட்டில் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். ஏழு, எட்டு மாத வாக்கில்தான் குழந்தைகளுக்குப் புதுமுக அச்சம் தலைதூக்குகிறது. பழகிய முகம், பழகாத முகம் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியவன்தான். ஆனாலும் மனசு சுருங்கிப்போனது. வேகமாக நெருங்கித் தூக்கினால் பயம் கூடும், விட்டுப் பிடித்தால் தானாக வரும். எனவே அவளைப் பார்க்காத மாதிரி தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம். டம்ளர் ஒரு தடவை அவள் முட்டியில் போய் இடித்தது. எடுத்தாள், பார்த்தாள், என் பக்கம் திருப்பித் தள்ளினாள். சாயங்காலம் துண்டால் முகத்தை மூடி "தாத்தாவைக் காணோமே" விளையாட்டு வரைக்கும் போய்விட்டோம். மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று குழந்தைக்கு உறுதிப்படுகிற பருவம் அது. துண்டுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்று தெரியும், எப்போது வெளியே வருவான் என்றுதான் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

பேரப்பிள்ளைகளோடு இருப்பது உடம்புக்கு நல்லதா? பெர்லினில் எழுபது வயசைத் தாண்டிய 500க்கும் மேற்பட்டவர்களை 1990 முதல் 2009 வரை பின்தொடர்ந்தார்கள். அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் முதல் சந்திப்புக்குப் பிறகு பத்து வருஷம் வரை உயிரோடு இருந்தார்கள். பார்த்துக்கொள்ளாதவர்களிலோ பாதிப்பேர் ஐந்து வருஷத்துக்குள் போய்விட்டார்கள். திடமாக இருப்பவர்கள்தானே பிள்ளை பார்க்க முன்வருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வாளர்கள் உடல்நிலையையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் எனக்கு அந்தச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. முழுநேரமும் பிள்ளை வளர்த்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் 2014இல் வெளியான, 186 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் ஒரு நாள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டிகள் அறிவுத்திறன் சோதனைகளில் முன்னால் நின்றார்கள். வாரம் ஐந்து நாளோ அதற்கு மேலோ பார்த்தவர்கள் சிலவற்றில் பின்தங்கினார்கள். பிள்ளை பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போய்த் துரும்பாகத் திரும்பி வந்த எங்கள் தெரு ஆச்சிகளிடம் கேட்டால், இதை ஆய்வு இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

இந்த நாலு மணிப் பொழுதெல்லாம் பேத்திக்கு நினைவிருக்குமா? பெரியவர்களைக் கேட்டால், சொல்ல முடிகிற முதல் ஞாபகம் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயசில் தொடங்குகிறது. அதற்காக, அதற்கு முன்னால் குழந்தைக்கு ஞாபகமே நிற்பதில்லை என்று அர்த்தம் இல்லை. மூன்று வயசில் நடந்ததை ஐந்து முதல் ஏழு வயசுப் பிள்ளைகள் 60 சதவீதத்துக்கு மேல் சொல்கிறார்கள். எட்டு, ஒன்பது வயசில் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூளையில் ஞாபகங்களைச் சேர்க்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியில், சின்ன வயசில் புதுப்புது நரம்பணுக்கள் வேகமாக முளைத்துப் பழைய இணைப்புகளைக் கலைத்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்று எலிச் சோதனைகள் காட்டுகின்றன.

பிஸ்கட் டப்பாவுக்கு வருகிறேன். போன தடவை அவள் வந்தது ஆறு மாதத்துக்கு முன்னால். அப்போது டப்பா இடது அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. நடுவில் எறும்பு வருகிறது என்று என் மனைவி அதை வலது அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டாள். அன்று விடியலில் பேத்தி கொஞ்சமும் யோசிக்காமல் பழைய தட்டைத் திறந்தாள். உள்ளே மிளகாய் வற்றல் டப்பா. ஏமாந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

மேலே எட்டி பிஸ்கட் டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அப்புறம் அவளையே ஒரு தடவை திறக்கச் சொன்னேன். ஆச்சி எழுந்திருக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.