டிஆர்எம்: தமிழில் என்ன சொல்லலாம்?

தனியாளாக ஆடும் கேம். எதிரணி என்று யாரும் இல்லை. முழு விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் நெட் போய்விட்டால் திறக்க மறுக்கிறது. இதற்குக் காரணமான ஏற்பாட்டின் பெயர்தான் டிஆர்எம். டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம்.

தமிழில் 'எண்ணிம உரிமை மேலாண்மை' என்று எழுதிவருகிறோம். 'எண்ணிம' நன்றாகவே பொருந்துகிறது. லத்தீனில் விரலைக் குறித்த சொல், விரல்விட்டு எண்ணும் வழக்கத்தால் எண்ணுக்கும் ஆகி, அதிலிருந்து டிஜிட்டல் பிறந்தது. இடறுவது நடுவில் இருக்கும் 'உரிமை'. கேட்பவர் வாங்கியவரின் உரிமை என்றே நினைப்பார். அங்கே பேசப்படுவதோ வெளியிட்ட நிறுவனத்தின் பதிப்புரிமை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதனால்தான் 'ரைட்ஸ்' என்ற இடத்தில் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்', அதாவது கட்டுப்பாடுகள், என்று போட்டு விரிக்கிறார்.

பழைய கேம்களில் இருந்தது வெறும் நகல் தடை. ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 1985இல் வந்த 'எலைட்' கேமின் பெட்டியில் லென்ஸ்லாக் என்ற சின்ன பிளாஸ்டிக் பட்டகம் இருக்கும். டிவி திரையில் எழுத்துகள் கலைந்து தெரியும்; பட்டகத்தைத் திரைமேல் பிடித்துப் பார்த்தால் அவை ஒன்றுகூடும்; அதைத் தட்டச்சு செய்தால்தான் கேம் ஓடும். சில பெட்டிகளில் பட்டகத்தையே மாற்றி வைத்து அனுப்பிவிட்டார்கள். தொல்லைதான், ஆனால் சாவி வாங்கியவர் கையில் இருந்தது.

2008இல் 'ஸ்போர்' கேம் வந்தபோது சாவி கைமாறியிருந்தது. வாங்கியவர் நிறுவனத்திடம் நெட் வழியே அனுமதி கேட்க வேண்டும். அதுவும் மூன்று கணினிகளுக்கு மட்டுமே. எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள். திருட்டு நகலில் அந்த வரம்பே கிடையாது. 2010 மார்ச்சில் கேம் நிறுவனமான யூபிசாஃப்டின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, அவற்றோடு எப்போதும் தொடர்பில் இருந்தால்தான் ஓடும் 'அசாசின்ஸ் கிரீட் 2' கேமை வாங்கியவர்கள் பலர் தங்கள் வீட்டுக் கணினியில் ஆட முடியாமல் தவித்தார்கள்.

பிறகு ஏன் பூட்டுகிறார்கள்? கேம் வெளியான முதல் சில வாரங்களில்தான் விற்பனை குவிகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் உருவான டெனுவோ நிறுவனம், 2014இல் 'ஃபிஃபா 15' முதல், விற்பது அந்த வாரங்களுக்கான காவலைத்தான். கிராக், அதாவது பூட்டை உடைத்த நகல், வருவது தள்ளிப்போனால் போதும் என்பது கணக்கு. உழைத்து உருவாக்கியவர்களின் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அந்த வாரங்கள் கடந்த பிறகும் பூட்டு தொங்குவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. 2016 மே மாதம் வந்த 'டூம்' கேமிலிருந்து அதே டிசம்பரில் டெனுவோ பூட்டை எடுத்துவிட்டார்கள். மனம் இருந்தால் முடிகிறது.

தமிழில் சொல்லின் கடைசிப் பகுதி மாறினால் விஷயம் விளங்கிவிடும்: உரிமை, உரிமம். உரிமை என்றால் பொருள் உங்களுக்கு உரியது. உரிமம், ஓட்டுநர் உரிமம்போல, பிறர் தரும் அனுமதி. கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. 'தி க்ரூ' கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதும், வட்டு வைத்திருந்தவர்கள்கூட ஆட முடியவில்லை. விற்பது உரிமம்தான் என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது.

ஆகவே டிஆர்எம் என்பதற்கு 'எண்ணிமப் பூட்டு' என்பதே தகும் என்பேன். தமிழில் பூட்டு என்பது கதவுக்கு மட்டும் உரியதல்ல. ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம். ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பதும் பூட்டுதல்தான். கேமைச் சாத்திவைப்பது, அதை நிறுவனத்தின் சர்வரோடு பிணைப்பது இரண்டையும் இந்த ஒரு சொல் தாங்கும். கிராக் செய்வது பூட்டுடைப்பு. (பதிப்புரிமையை மீறும் நோக்கோடு அதைச் செய்தால் இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை.) டிஆர்எம் இல்லாமல் விற்பது பூட்டில்லாப் பதிப்பு. 2015இல் ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்தில் 'தி விட்சர் 3' முதல் நாளிலிருந்தே அப்படித்தான் விற்கப்பட்டது.