தொடை 'புடிச்சிக்கிச்சு' என்றால் உருவிவிடாதீர்கள்

இந்த சீசனில் அதே காலில் மூன்றாவது முறை. கால்பந்தில் ஓரமாகப் பாய்ந்து ஆடும் இருபது வயது விங்கர். தொடையில் இறுக்கிக் கட்டிய கிரேப் பேண்டேஜ், அதையும் மீறி மணக்கும் தைலம், முழங்கால் மடிப்பு வரை இறங்கிய கருநீலக் கன்றல். "சுளுக்குதான் கோச், நேத்து உருவிவிட்டாங்க. ஞாயித்துக்கிழமை செமிஃபைனல் ஆடலாமா?" கால்பந்து ஆடிப் பிழைத்து, இப்போது ஆடுகிறவர்களின் உடலைத் தயார்செய்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைக் கேட்டால் ஆத்திரமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

தம்பி, அது சுளுக்கு அல்ல. ஹாம்ஸ்ட்ரிங் எனும் தொடைப் பின்தசையின் நார்கள் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறது. அதன்மேல் கட்டைவிரலால் அழுத்தி உருவினால் கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 10–15 நிமிடம், மிதமான கட்டு, வலிக்காத அளவு நடை, அவ்வளவுதான். 'டப்'பென்று சத்தம் கேட்டிருந்தாலோ, உட்காரும் எலும்பை ஒட்டி வலித்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கலாம்.

அடுத்தது, மைதானம் மைதானமாகக் கேட்டுச் சலித்த பேச்சு: "தொடை டைட்டா இருக்கு, ஸ்ட்ரெச் பண்ணினா கிழியாது." ஓட்டத்தில் தசை எப்போது கிழிகிறது? பெரும்பாலும் முழு வேகத்தில், முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு. அந்த நொடியில் பின்தசை நீண்டுகொண்டே காலுக்கு பிரேக் போடுகிறது. நீளும்போதே தாங்குகிற பலம் அதற்கு வேண்டும். கம்பிமேல் காலைப் போட்டு இரண்டு நிமிடம் குனிந்து நின்றால் அந்தப் பலம் வராது. குனிந்து கால்விரலைத் தொடுகிற பையனுக்கும் கிழியத்தான் செய்கிறது. மேட்சுக்கு முன் அப்படி நெடுநேரம் இழுத்து வைத்தால் வேகமும் சற்றுக் குறையும்.

பலத்துக்கு நார்டிக் பயிற்சி இருக்கிறது. டென்மார்க் அணிகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இதைச் செய்தவர்களுக்குப் பின்தசைக் காயம் மிகவும் குறைந்தது. ஜிம் தேவையில்லை. மடித்த பாயில் முட்டி போடுங்கள், நண்பர் கணுக்காலைப் பிடிக்கட்டும் (கெண்டைக்காலை அல்ல). முட்டி முதல் தலை வரை ஒரே கோடாக, மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி, கையாலேயே தள்ளி எழுங்கள். இடுப்பை மடித்தால் கணக்கில் சேராது. முதல் வாரம் ஒரே நாள், 2 செட், 5 முறை. இரண்டாம் வாரம் 2 நாள், 6 முறை. மூன்றாம் வாரத்திலிருந்து 3 நாள், 3 செட், 6–8 முறை, பிறகு ஏற்றலாம். முதல் நாளே முப்பது போட்டு, மறுநாள் நடக்க முடியாமல் பயிற்சியையே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மேட்சுக்கு முந்தின நாள் செய்யவே கூடாது.

கூடவே வாரம் ஒருமுறையாவது முழு வேகத்தில் 30 மீட்டர், 4–6 ஓட்டம், நடுவில் 2–3 நிமிட ஓய்வு. பயிற்சியில் மெல்ல ஓடிவிட்டு மேட்சில் மட்டும் சீறினால் கிழியும்.

திரும்ப ஆடுவது எப்போது? நடந்தால் வலிக்கவில்லை என்பது கணக்கல்ல. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கும்போது, யாராவது எதிர்த்துப் பிடித்தாலும் இரு காலும் ஒரே பலம் காட்ட வேண்டும். பிறகு வெவ்வேறு நாட்களில் இரண்டு முறையாவது, பயமின்றி முழு வேக ஓட்டம். கோச்மார்களே, இதை முடிக்காத பையனை, அவன் அழுது கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சிலேயே உட்கார வையுங்கள்.